கிழிந்த வரைபடமும் புதைமணலும்

கேள்வி: என் பத்து வயது மகன் சாகசக் காமிக்ஸ் கையில் கிடைத்தால் சாப்பாட்டையே மறந்துவிடுகிறான். எனக்கோ எல்லாம் ஒரே கதையாகத் தெரிகிறது: பாதி கிழிந்த வரைபடம், புதைமணல், கடைசி நொடியில் கிரகணம். அரைத்த மாவையே அரைக்கும் இவற்றைப் படித்தால் அவனுடைய கற்பனை மழுங்கிவிடாதா?

பதில்: மழுங்காது, சகோதரி. நமக்கு அலுத்துப்போன புதைமணல் அவனுக்கு இரண்டாவதோ மூன்றாவதோதான். நாயகன் பிழைத்துவிடுவான் என்பது அவனுக்கும் தெரியும். எப்படிப் பிழைப்பான் என்பதற்காகத்தான் பக்கத்தைப் புரட்டுகிறான்.

ஒருமுறை அருகில் உட்கார்ந்து பாருங்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மணலுக்கு மேலே ஒரு கை, பக்கத்தில் ஒரு தொப்பி, அவ்வளவுதான் இருக்கும். மீதி தாளின் மறுபுறம். வாரம் ஒன்றிரண்டு பக்கமாகத் தொடர் வெளியான காலத்தில், வாசகரை அடுத்த இதழ்வரை தவிக்கவிட ஓவியர்கள் பழகிய வித்தை இது. அந்த இடத்தில் உங்கள் மகனின் விரல் தாளின் ஓரத்தைப் பிடித்தபடி நிற்கும்.

சொல்லப்போனால், புதைமணல் ஆளைத் தலை மூழ்கும் அளவுக்கு விழுங்குவதே இல்லை. அதன் அடர்த்தி மனித உடலைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு. இடுப்பளவு இறங்கியதும் உடல் மிதக்கத் தொடங்கிவிடும். பின்னால் சாய்ந்து, கால்களை மெல்ல அசைத்தபடி வெளியே வரவேண்டும். இதை அவனிடம் சொல்லுங்கள். கதையில் வரும் ஒவ்வொரு பள்ளத்தையும் அதன்பிறகு அவனே சோதிக்க ஆரம்பிப்பான்.

கிரகணக் கதையில் மட்டும் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. 1504 பிப்ரவரி 29 அன்று, ஜமைக்காவில் உணவுக்கு வழியின்றித் தவித்த கொலம்பஸ், வானியல் அட்டவணையைப் பார்த்துச் சந்திர கிரகணத்தை முன்கூட்டியே சொல்லி அந்த மக்களை மிரட்டினார். அதே தந்திரத்தைச் சூரிய கிரகணமாக்கி, தீவுவாசிகள் மண்டியிட்டு நடுங்குவதாக வரைந்துவிடுகிறார்கள். நாள்தோறும் வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள் அத்தனை ஏமாளிகளா? அவர்கள் பக்கம் நின்று கதையை ஒருமுறை சொல்லிப் பார்க்கும்படி மகனிடம் கேளுங்கள். இதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்க வேண்டாம்.

கற்பனைக்கு வேலை கொடுக்க எளிய வழி ஒன்று உண்டு. நாயகன் சிக்கிக்கொண்டதும் அடுத்த பக்கத்தை உங்கள் கையால் மூடிவிடுங்கள். "நீயாக இருந்தால் எப்படித் தப்பிப்பாய்?" என்று கேட்டு, ஒரு பென்சிலும் நான்கு வெற்றுக் கட்டங்கள் போட்ட தாளும் கொடுங்கள். அவன் வரைந்து முடிக்கும்வரை கையை எடுக்காதீர்கள்.