எரிபொருள் விலை ஏறும் நேரத்தில் டீசல் கார் வாங்கலாமா?

கேட்டிருப்பது இது: "எரிபொருள் விலை ஏறிக்கொண்டே போகிறது. டீசலுக்கு மைலேஜ் அதிகம் என்கிறார்கள். எனக்கு மாதம் 1,200 கி.மீ. ஓட்டம், பெரும்பாலும் நகரத்துக்குள். டீசல் காருக்கு மாறலாமா?"

உங்களுக்கு வேண்டாம். ஆனால் காரணம் தெரிந்து முடிவெடுங்கள். ஓட்டம் வேறு மாதிரி உள்ள ஒருவர் இதையே கேட்டால் தயங்காமல் டீசல் எடுக்கச் சொல்வேன்.

நான் ஏழு ஆண்டுகள் ஒரே டீசல் கார் ஓட்டினேன். முதல் நான்கு ஆண்டுகள் வேலைக்குப் போக 60 கி.மீ., திரும்பி வர 60 கி.மீ., கிட்டத்தட்ட முழுக்க நெடுஞ்சாலை. ஒரு தடவை டேங்க் நிரப்பினால் வாரம் தாங்கும். ஆள் நிறைய ஏறியிருந்தாலும் மேட்டில் கியர் குறைக்காமல் ஏறும். அந்த வண்டியைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை.

அப்புறம் வேலை மாறியது. புது அலுவலகம் வீட்டிலிருந்து 4 கி.மீ. தான். இனி டீசல் செலவே இருக்காது என்று சந்தோஷப்பட்டேன். ஆறாவது மாதம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி இழுக்க மறுத்தது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் முதல் வேலையாக இன்ஜின் ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி என் முன்னால் நீட்டினார். ஆயில் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது! விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், வழவழப்பே இல்லை, தண்ணியாக ஓடியது. முகர்ந்தால் டீசல் வாடை. "தம்பி, வண்டியில ஒரு குறையும் இல்ல. ஓட்டம்தான் பத்தல," என்றார்.

அவர் விளக்கியது இதுதான். இன்றைய டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்று ஒரு பீங்கான் வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி சேர்ந்ததும், இன்ஜின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். இதற்கு வண்டி நல்ல வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது விடாமல் ஓட வேண்டும். 4 கி.மீ.யில் போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரியாமல் மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்தால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவும் பேரிங்குகளும் தேயும். வடிகட்டியைச் சுத்தம் செய்து, ஆயிலை மாற்றி வெளியே வந்தபோது, ஆறு மாதத்தில் டீசலில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரே பில்லில் போயிருந்தது. அதே வண்டி, அதே ஓட்டுநர், ஓட்டம் மட்டும்தான் மாறியிருந்தது.

இனி கணக்கு. பணத்தில் போட்டால் விலை மாறும்போதெல்லாம் திரும்பப் போட வேண்டியிருக்கும், அதனால் லிட்டரில் போடுங்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் கார் 20 கி.மீ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ.க்குப் பெட்ரோல் 6.67 லிட்டர், டீசல் 5 லிட்டர். இரண்டின் விலையும் ஒன்றாக இருந்தால் 100 கி.மீ.க்கு 1.67 லிட்டர் மிச்சம். டீசல் காருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் தொகையில் 2,000 லிட்டர் எரிபொருள் வாங்கலாம் என்றால், அந்தத் தொகையை மீட்க 1,20,000 கி.மீ. ஓட்ட வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு அது எட்டு ஆண்டுக்கும் மேல். மாதம் 5,000 கி.மீ. ஓடுபவருக்கு இரண்டே ஆண்டு.

இப்போது எரிபொருள் இரண்டுமே 25 சதவீதம் ஏறுகிறது என்று கொள்ளுங்கள். அதே கூடுதல் தொகைக்கு இனி 1,600 லிட்டர்தான் கிடைக்கும், ஆகவே 96,000 கி.மீ.யிலேயே முதல் திரும்பிவிடும். விலை ஏற ஏற டீசல் லாபம் என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே அளவில் ஏற வேண்டும். டீசல் மட்டும் பெட்ரோலைவிட 10 சதவீதம் அதிகமாகிவிட்டால் 5 லிட்டர் டீசல் 5.5 லிட்டர் பெட்ரோலின் விலைக்குச் சமமாகி, 100 கி.மீ.க்கு மிச்சம் 1.17 லிட்டராகச் சுருங்கி, 96,000 என்பது ஏறக்குறைய 1,37,000 கி.மீ. ஆகிவிடும். உங்களுக்கு ஒன்பதரை ஆண்டு. இவ்வளவுக்கும் டி.பி.எஃப்., டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், டர்போ செலவு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

அப்படி நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பல நாடுகளில் டீசல், பெட்ரோலைத் தாண்டி மேலே போனது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது டீசல் வருகிற அதே பகுதியிலிருந்துதான் விமான எரிபொருளும் குளிர்நாடுகளில் வீடு சூடாக்கும் எண்ணெயும் வருகின்றன. லாரி, கப்பல், டிராக்டர், ஜெனரேட்டர் எல்லாமே டீசலைக் குடிக்கின்றன. பெட்ரோல் விலை ஏறினால் மக்கள் காரை வீட்டில் விடுவார்கள். டீசல் விலை ஏறினாலும் சரக்கு போய்த்தான் ஆக வேண்டும், அதனால் தட்டுப்பாடு வந்தால் டீசல் வேகமாக ஏறும். சரக்குப் போக்குவரத்துக்காக டீசலுக்கு வரியைக் குறைத்து வைத்த அரசுகள் அந்தச் சலுகையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். டீசல் மலிவு என்பதை நம்பிப் பத்தாண்டுக்கு வண்டி எடுக்காதீர்கள்.

டீசலின் பெருமையையும் சொல்லிவிட வேண்டும், அது உண்மையான பெருமை. தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 16-ல் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் முறை. 1897-ல் ருடால்ஃப் டீசலின் இன்ஜின் சோதிக்கப்பட்டபோது எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாறியது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின்கள் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியவில்லை. குறைந்த சுற்றிலேயே, ஏறக்குறைய 1,500 முதல் 2,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) வரை, முழு இழுவையும் கிடைத்துவிடும். பாரம் ஏற்றுபவர், மலைப்பாதையில் ஓடுபவர், நாள் முழுக்க நெடுஞ்சாலையில் இருப்பவர் ஆகியோருக்கு இதற்கு ஈடான பெட்ரோல் வண்டி கிடைப்பது கஷ்டம்.

சுற்றுச்சூழல் விஷயத்தில் இரண்டு பக்கமும் பாதி உண்மைதான் பேசப்படுகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ. மேலே சொன்ன மைலேஜை வைத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு டீசல் கொஞ்சம் குறைவாகத்தான் வெளியிடுகிறது, மைலேஜில் தெரியும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வேறு கதை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை உலகம் முழுக்க ஏறக்குறைய 1.1 கோடி கார்களில் வைத்திருந்ததாக 2015-ல் ஃபோக்ஸ்வாகன் ஒப்புக்கொண்டது. வடிகட்டி தொல்லை தருகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் அந்தக் கரி போகிறது.

உங்கள் ஓட்டத்துக்குச் சின்ன பெட்ரோல் கார் போதும், பட்ஜெட் இடம் கொடுத்தால் பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் பாருங்கள். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான் ஹைபிரிட் நன்றாக மிச்சம் பிடிக்கும். ஏற்கெனவே டீசல் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். பத்து நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுங்கள். நிற்கும்போது வழக்கத்தைவிட ஆர்.பி.எம். ஏறியிருந்தாலோ, காரணமில்லாமல் ஃபேன் இரைந்தாலோ, சூட்டு வாடை அடித்தாலோ கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அணைக்காமல் இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

இதையும் மீறி பழைய டீசல் கார் ஏதாவது மலிவாக வந்தால், "குறைவாகத்தான் ஓடியிருக்கு" என்ற பேச்சில் மயங்காதீர்கள். நகரத்துக்குள்ளேயே 40,000 கி.மீ. ஓடியதைவிட நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடிய வண்டியை நான் நம்புவேன். நீங்கள் போகும்வரை இன்ஜினைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்து, ஆறிக் கிடக்கும் வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவி அளவையும் வாடையையும் பாருங்கள். சைலன்சர் முனைக்குள் விரல்விட்டுத் துடையுங்கள். டி.பி.எஃப். ஒழுங்காக இருக்கும் வண்டியில் விரல் பெரிதாக அழுக்காகாது. டி.பி.எஃப். வைத்து வந்த வண்டியில் மை போலக் கருப்பாக ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்க வேண்டும், அல்லது யாரோ கழற்றியிருக்க வேண்டும். அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.