மிதித்தால் திணறும் பழைய பெட்ரோல் வண்டி: வாசகர் கேள்வி-பதில்

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பிக்கப் வண்டி, கார்கோ வேன், ஜீப் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லோரும் ‘பிக்கப் இல்லை’, அதாவது மிதித்தால் இழுவை இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். எப்போது இல்லை என்பதில்தான் நோய் இருக்கிறது. கிளம்பும்போதா, ஏற்றத்திலா, சூடான பிறகா என்று கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஆம்னி கார்கோ. முதல் கியரில் மிதித்ததும் ஒரு நொடி செத்துவிடுகிறது, பிறகு குதித்துக்கொண்டு கிளம்புகிறது. புது கார்புரேட்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா சார்? (ஆம்பூர்)

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது ஆக்சிலரேட்டர் பம்ப் கோளாறின் லட்சணம். திடீரென்று மிதிக்கும்போது காற்று உடனே உள்ளே பாயும். பெட்ரோல் கனமானது, கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தச் சின்ன பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலைத் தருகிறது. அது தராவிட்டால் கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், இன்ஜின் தடுமாறும்.

சோதனைக்குக் காசே ஆகாது. இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். முன் சீட்டைத் தூக்கி, கார்புரேட்டர் வாய்மேல் வரும் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். சோக் தகடு (காற்று வழியை மூடித் திறப்பது) திறந்திருக்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தபடி த்ராட்டில் லீவரை (பெடல் இழுக்கும் லீவரை) கையால் சட்டென்று இழுங்கள். லீவர் அசைந்த அந்தக் கணமே மெல்லிய, நேரான தாரை பீச்சியடிக்க வேண்டும். லீவர் கால்வாசி போன பிறகு வந்தால் பம்ப் லிங்க்கில் தேய்மானம். சொட்டுச் சொட்டாக வந்தால் டயாபிரம் (பம்ப்பின் ரப்பர் சவ்வு) விறைத்திருக்கும், அல்லது கிழிந்திருக்கும். ஒருமுறை அடித்து அடுத்த முறை வராவிட்டால், பம்ப்புக்குள் பெட்ரோலை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சிறு குண்டு (செக் பால்) அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். எதுவுமே வராவிட்டால், பௌலில் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில்) பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெட்ரோல் பீச்சும் நாசிலில் அடைப்பு. அதைக் கம்பியால் குத்தாதீர்கள். கார்ப் கிளீனர் அடித்து, பிறகு காற்றுப் பிடித்தால் போதும்.

இந்த வேலைக்கு ரிப்பேர் கிட் ஒன்று போதும். கிட்டில் வரும் ஜெட்டுகளை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத் திருகுகளை) மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாட்ட வேண்டாம். பழைய ஜெட்டில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் வேறானால் பழையதைக் கழுவி மாட்டுவதே மேல்.

சோக்கைக் கால்வாசி இழுத்து வைத்தால் திணறல் போய்விடுகிறது. அப்படியே ஓட்டலாமா? (போளூர்)

கூடாது. ஆனால் நல்ல தடயத்தைப் பிடித்திருக்கிறீர்கள். சூடான இன்ஜினில் சோக் இழுத்தால் சரியாகிறது என்றால் கலவை மெலிவு. இழுத்தால் இன்னும் மோசமாகிறது என்றால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், அல்லது கோளாறு இக்னிஷனில் (பொறி தரும் அமைப்பில்). கார்புரேட்டரைக் கழற்றும் முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை இது. சோக்கிலேயே ஓட்டினால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், ரிங் தேயும், ஆயிலும் நீர்த்துப்போகும்.

மெலிவுக்கு இரண்டு வழி: பெட்ரோல் குறைவாக வருகிறது, இல்லையென்றால் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. இரண்டாவதை முதலில் பாருங்கள். ஐடிலிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டர் அடி கேஸ்கட், மேனிஃபோல்டு (கலவை இன்ஜினுக்குள் போகும் குழாய்) இணைப்பு, பிரேக் பூஸ்டர் ஓஸ், சிறு வேக்கம் குழாய்கள் ஆகியவற்றின்மேல் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரைப் பூத்தூறலாக அடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) பக்கம் மட்டும் வேண்டாம். எங்கே அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. சிலர் பெட்ரோலையே தெளித்துப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே சைலன்சர் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்) கொதித்துக்கொண்டிருக்கிறது, அந்த விளையாட்டு வேண்டாம்.

எங்கும் ஓட்டை தென்படாவிட்டால் த்ராட்டில் ஸ்பிண்டிலை (த்ராட்டில் சுழலும் அச்சை) பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பழைய வண்டிகளில் அந்தத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, சுற்றிலும் காற்று இழுக்கும். கிட் எத்தனை முறை போட்டாலும் இது போகாது. லேத்தில் கொடுத்துப் புஷ் (துளைக்குள் போடும் வளையம்) அடிக்க வேண்டும்.

ஜிப்சி. லோடோடு ஏலகிரி ஏறும்போது ஐந்தாறு வளைவு வரை நன்றாக இழுக்கிறது, பிறகு திணறி நின்றேவிடுகிறது. ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஏறுகிறது. (ஜோலார்பேட்டை)

பௌலில் இருக்கும் பெட்ரோல் தீரும் வேகத்துக்கு உள்ளே வந்து சேரவில்லை. சமதளத்தில் தெரியாது. இரண்டாம் கியரில் முழுசாக மிதித்தபடி 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடி சரியென்றால் ஃபில்டரை மாற்றுங்கள். அதுவும் தீர்க்காவிட்டால் டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள ரப்பர் ஓஸ்களை மடக்கிப் பாருங்கள். இது உறிஞ்சும் பக்கம் என்பதால் வெடிப்பு இருந்தாலும் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். கடைசியாக பம்ப். காயில் இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் திடமாகப் பாய வேண்டும். நுரையாக வந்தால் காற்று இழுக்கிறது, வலுவில்லாமல் வழிந்தால் பம்ப் டயாபிரம் போயிருக்கிறது.

மலை உயரத்தால்தான் என்று சிலர் சொல்லக்கூடும். ஏலகிரி சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலியும், கலவை கொஞ்சம் கெட்டியாகும். இழுவை சற்றுக் குறையுமே தவிர வண்டி நிற்காது.

வெயில் காலத்தில் மட்டும் தொல்லை. லாங் பஜாரில் கால் மணி நேரம் நிறுத்திச் சரக்கு இறக்கிவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆகத் திணறி, இரண்டு தெரு தள்ளித்தான் சரியாகிறது. (வேலூர்)

ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் இன்ஜின் சூடு மேலேறி, பௌலில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழியும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இது சகஜம்.

அந்த நேரத்தில் பெடலை அடித்து அடித்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். அழுத்த அழுத்த இன்னும் பெட்ரோல் சேரும். முழுசாக ஒரே மிதி மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள், பிடித்ததும் காலை எடுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, கார்புரேட்டர் அடியில் தடித்த பேக்கலைட் ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கழற்றியபோது வெறும் காகித கேஸ்கட்டோடு மூடியிருப்பார்கள். பெட்ரோல் குழாயும் சைலன்சர் மேனிஃபோல்டை உரசாமல் விலகிப் போக வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் வண்டி இப்படித் திணறுகிறது என்கிறார்கள். உண்மையா? (ஆரணி)

ஓரளவு. பெட்ரோல் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு, 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 ஆகிறது. கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும் ஊசி முறை (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் சென்சார் சரிக்கட்டும். கார்புரேட்டருக்குத் தெரியாது, அதே ஜெட் அளவில் விடும். ஆக, ஏற்கெனவே மெலிவாக டியூன் செய்த வண்டி திணறத் தொடங்கும். முதலில் ஐடில் மிக்ஸர் ஸ்குரூவைக் கால் சுற்று வெளியே விட்டுப் பாருங்கள். நடு வேகத்திலும் திணறினால் மட்டும் மெயின் ஜெட். சோலெக்ஸ் கார்புரேட்டரின் ஜெட்டில் 120 என்றால் துளை 1.20 மி.மீ. அதை 125 ஆக்கினால் பரப்பு எட்டு சதவீதத்துக்கு மேல் கூடும், அதுவே போதும். மாற்றிய பின் பிளக் கறுத்தால் பழைய ஜெட்டுக்கே திரும்புங்கள்.

பழைய ரப்பரைத்தான் எத்தனால் அதிகம் கெடுக்கும். ஓஸ், டயாபிரம் வாங்கும்போது எத்தனால் தாங்கும் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் ஜீப். ஏற்றத்தில் மிதித்தால் கார்புரேட்டர் வழியாகப் ‘படார்’ என்கிறது. கார்புரேட்டர் இரண்டு முறை சர்வீஸ் ஆகிவிட்டது. (குடியாத்தம்)

மூன்றாம் முறை கொடுக்காதீர்கள். இக்னிஷனைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) முகம் கருகி, ஒரு பக்கம் மேடும் மறு பக்கம் குழியுமாக இருந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய பெட்ரோல் ஜீப்பின் ஹரிக்கேன் இன்ஜினுக்கு பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ., பிளக் 0.75 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-4-2. வயர் இரண்டு இடம் மாறியிருந்தாலும் இதே ‘படார்’ வரும். ரோட்டரைக் கையால் லேசாகத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் போல் திரும்ப வராவிட்டால் உள்ளே அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. இன்ஜின் வேகம் கூடும்போது பொறி முன்கூட்டி விழாது, இழுவையும் இருக்காது.

கேஸில் நன்றாக ஓடும் ஆம்னி, பெட்ரோலுக்கு மாற்றினால் திணறுகிறது. (காட்பாடி)

மாதக்கணக்கில் கேஸிலேயே ஓடினால் பௌல் வற்றி, பெட்ரோல் பிசினாகப் படிந்து ஸ்லோ ஜெட் அடைக்கும், பம்ப் டயாபிரம் காய்ந்து விறைக்கும். கழற்றிக் கழுவி, புது டயாபிரம் போடுங்கள். அதன்பின் தினமும் காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடிய பிறகு கேஸுக்கு மாற்றுங்கள்.