படப் புத்தகத்தைச் சுவரில் மாட்டலாமா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் குழந்தைகளின் படப் புத்தகங்கள் பற்றி எழுதியதும் ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து நிறையக் கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே விஷயம்: படப் புத்தக ஓவியங்களுக்குக் கண்காட்சி. பொதுவாக எல்லோரும் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

அக்கா, வெளிநாட்டில் குழந்தைப் புத்தக ஓவியங்களுக்கென்றே மியூசியம் இருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். படம்தான் புத்தகத்திலேயே இருக்கிறதே, அதைச் சுவரில் போய் ஏன் பார்க்க வேண்டும்? இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதையே கேட்கிறாள்.
– வாசகி, தங்கச்சிமடம்

நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் 2002-ல் திறந்த எரிக் கார்ல் மியூசியமாக இருக்கும். பசிக்கிற கம்பளிப்பூச்சி ஒன்றின் கதையான 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' என்ற 1969-ம் ஆண்டுப் படப் புத்தகத்தை வரைந்தவர் எரிக் கார்ல், 2021-ல் காலமானார். இதற்கெல்லாம் முன்னோடி ஜப்பானில் இருக்கிறது. சிஹிரோ இவாசாகி என்ற ஓவியர் வாழ்ந்த இடத்திலேயே 1977-ல் டோக்கியோவில் தொடங்கிய மியூசியம் அது. படப் புத்தக ஓவியங்களுக்காகவே உலகில் முதலில் வந்தது அதுதான். சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்ட வேண்டும் என்று அங்கே படங்களை வழக்கத்தைவிடத் தாழ்வாக மாட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருவோம். புத்தகத்தில் இருப்பது அச்சு, சுவரில் இருப்பது அந்த ஓவியர் கையால் தொட்ட தாள். எரிக் கார்ல் மெல்லிய டிஷ்யூ தாளில் முதலில் வண்ணம் பூசிக் காயவைத்து, பிறகு அதை வெட்டி ஒட்டித்தான் அந்தப் புழுவை உண்டாக்கினார். மூலப் படத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு தாளின் மேல் இன்னொரு தாள் ஏறி நிற்கும் விளிம்பும், தூரிகை இழுத்த வரியும் தெரியும். மற்ற ஓவியர்களின் படங்களில் அழிக்காமல் விட்ட பென்சில் கோடு இருக்கும், தப்பாகப் போன கையின் மேல் வெள்ளை பூசி மறுபடி வரைந்த இடம் இருக்கும். அச்சில் இதெல்லாம் மறைந்துவிடும். பெரிய ஓவியரும் அழித்து அழித்துத்தான் வரைகிறார் என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிற இடம் இது ஒன்றுதான், அதனால்தான் இதை இவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று, மூலப் படத்தில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. எழுத்தைத் தனியாக அச்சிட்டால்தான் அதே படத்தோடு வேறு மொழியில் புத்தகம் போட முடியும். எழுத்துக்கென்று விட்ட காலி இடம் படத்தில் அப்படியே கிடக்கும், 'இங்கே என்ன எழுதியிருக்கும்?' என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம் இரண்டு பக்கத்துக்கும் நீளும் படத்தில் நட்டநடுவே முகம் வராமல் ஓவியர் ஒதுக்கியிருப்பார், ஏனென்றால் தையல் மடிப்பு அங்கேதான் விழும். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் வீட்டில் இருக்கிற புத்தகத்தையே அவள் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் பள்ளியில் ஒரு ஹால் இருக்கிறது, பணம் இல்லை. மூல ஓவியம் எதுவும் கிடைக்காது. அச்சுப் புத்தகத்தை வைத்துக் கண்காட்சி போட்டால் அது கண்காட்சி ஆகுமா மேடம்?
– ஆசிரியை, தொண்டி

தாராளமாக ஆகும். ஜெல்லா லெப்மன் என்ற பெண்மணி 1946-ல், போரில் இடிந்து கிடந்த மியூனிக் நகரத்தில் குழந்தைப் புத்தகக் கண்காட்சி நடத்தினார். கையில் பணம் இல்லை, நேற்று வரை எதிரிகளாக இருந்த நாடுகள் உட்படப் பல நாடுகளுக்குக் கடிதம் எழுதிப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினார். படப் புத்தகத்துக்கு மொழி தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றைத்தான் முக்கியமாகக் கேட்டார். அந்தக் கண்காட்சியிலிருந்துதான் 1949-ல் சர்வதேச இளைஞர் நூலகம் உருவானது. நீங்களும் கடிதத்தில் ஆரம்பியுங்கள். சென்னையில் துளிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் இருக்கின்றன, படங்களைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட அனுமதி வேண்டும் என்று பள்ளியின் பெயரில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். அங்கே உள்ள கதைகளைத் தமிழிலேயே இறக்கி அச்சிடலாம், காசு இல்லை, உரிமம் அதற்கு இடம் தருகிறது. எழுதியவர், வரைந்தவர், பதிப்பகம் இந்த மூன்று பெயரும், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரும், உரிமத்தின் பெயரும் படத்தின் கீழே கட்டாயம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படி மாட்டுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இருபது புத்தகத்திலிருந்து புத்தகத்துக்கு ஒரு படம் எடுத்து வரிசையாக மாட்டினால் பிள்ளைகள் கடைவீதியில் நடப்பது போல நடந்துவிட்டு வெளியே போய்விடுவார்கள். ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை முழுதாக மாட்டுங்கள். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் வரும், ஹாலின் ஒரு பக்கச் சுவர் போதும். ஒவ்வொரு தாளிலும் இரண்டு பக்கமும் அச்சு இருப்பதால் பிரித்து மாட்ட இரண்டு பிரதி வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து படிக்க மூன்றாவது பிரதி வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகம் என்றால் மூன்று பிரதி வாங்குவது பெரிய செலவில்லை. மூன்றாவது பிரதியைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்துவிடாதீர்கள், அது பாயில் கிடக்கட்டும், பிள்ளைகள் கை படட்டும்.

உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குப் பக்கம் இருந்தால் நல்லது. கலெக்டர் வருகிறார், முதன்மைக் கல்வி அலுவலர் வருகிறார் என்று மேலே ஏற்றிவிடாதீர்கள், அவர்கள் குனிந்து பார்க்கட்டும். ஆணி அடிக்க வழியில்லையா, உங்கள் ஊரில் வலைக்கா பஞ்சம்? பழைய வலையைச் சுவரில் இழுத்துக் கட்டி, துணி கிளிப்பால் படங்களைக் கவ்வவிடுங்கள், சுவரும் கெடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் எல்லாம் நமுத்துச் சுருண்டுவிடும், ஆடியில் ஜன்னலைத் திறந்தால் படங்கள் காற்றோடு போய்விடும், அதனால் தை, மாசிதான் தோது.

படத்துக்குக் கீழே பெரிய விளக்கம் எழுதாதீர்கள், ஒரு கேள்வி போதும். பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் இப்படிப் படம் மாட்டியிருந்தபோது நான் போயிருந்தேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் நண்டுப் படத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான், எண்ணிவிட்டு, "காலு ரெண்டு குறையுதுக்கா, எட்டுக் காலு, அப்புறம் ரெண்டு கொடுக்கு வரணும்" என்றான். டீச்சர் அவனைத் திட்டவில்லை, ஒரு சீட்டில் அதை எழுதச் சொல்லிப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு மற்ற பிள்ளைகளும் படகு, வலை, மீன் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தார்கள், ஒவ்வொரு படத்தையும் அவ்வளவு நேரம் பார்த்தார்கள். கடலோரப் பிள்ளைக்குக் கடல் தெரியும், அந்த அறிவுக்குச் சுவரில் இடம் கொடுங்கள்.

என் அப்பா பள்ளிப் பாடங்களுக்கும் சிறுவர் கதைகளுக்கும் வாட்டர்கலரில் படம் வரைந்தவர். அவர் வரைந்தவை பீரோவில் இருக்கின்றன, பழுப்புப் புள்ளி விழுகிறது. லேமினேஷன் போட்டுவிடலாமா?
– வாசகர், மண்டபம்

தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் சான்றிதழ் முதல் ரேஷன் கார்டு வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்து பழகிவிட்டோம், ஆனால் சூட்டில் ஒட்டிய அந்த பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது, படம் அதோடு போய்விடும். செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகித் தாளில் இறங்கிவிடும்.

புள்ளிக்குப் பெரும்பாலும் காரணம் ஈரம்தான். காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும், மண்டபத்தில் அது வருஷத்தில் பல மாதம் அதற்கு மேலேயே இருக்கும், உப்பும் சேர்ந்துகொள்கிறது. இரும்பு பீரோ துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும். படங்களை நன்றாக வெயில் காயும் ஒரு மாதத்தில் வெளியே எடுத்து, நிழலில் காற்றாட வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த பூஞ்சையை மெதுவான தூரிகையால் வாசலுக்கு வெளியே தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, வாட்டர்கலர் கரைந்துவிடும். பிறகு அமிலம் இல்லாத தாளை இடையிடையே வைத்து, இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலம் ஈரம் குடித்துவிட்டால் மாற்ற வேண்டும்.

ஒன்றிரண்டை ஃபிரேம் போட ஆசையாக இருக்கும். போடுங்கள், கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், கடலைப் பார்த்த சுவரிலும் அடுப்படிச் சுவரிலும் மாட்டாதீர்கள். மியூசியங்களில் இந்த மாதிரிப் படங்களுக்கு வெளிச்சத்தை மங்கலாக, 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள்தான் வைப்பார்கள், சில மாதம் மாட்டியதும் கழற்றி இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். நீங்களும் மாற்றி மாற்றி மாட்டலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் வேலையாக ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்பா வரைந்த அந்தக் கதைப் புத்தகங்களும் கையில் இருந்தால் படத்தோடு சேர்த்தே வையுங்கள், எந்தப் படம் எந்தக் கதைக்கு என்பது பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

பேரன் பேத்தியைக் கூட்டிப்போக நம் பக்கத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா? எங்கள் காலத்து அம்புலிமாமா படங்களையெல்லாம் யாராவது ஓவியமாக மதிக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், கீழக்கரை

படப் புத்தக மியூசியம் என்று நம் மாவட்டத்தில் இல்லை ஐயா. ஆனால் ராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் இருக்கிறது, பிள்ளைகளோடு ஒரு காலை நேரம் அங்கே போங்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் காலத்தில் சுவரெல்லாம் வரைந்த ஓவியங்கள்: இராமாயணம், பாகவதம், மராத்தியரோடு நடந்த போர், சேதுபதியைச் சந்திக்க வந்த ஐரோப்பியர். கதை கட்டம் கட்டமாக நகர்கிறது, படத்தோடு எழுத்தும் இருக்கிறது. ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, அடுத்த கட்டத்தில் என்ன நடக்கிறது என்று பேரப் பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். மதுரைக்குப் போனால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, பாதி நாள் அங்கேயே ஓடிவிடும். சென்னைப் பயணம் இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சிறுவர் பகுதி உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். திருவான்மியூரில் தாரா பதிப்பகத்தின் கட்டடமும் பார்க்க வேண்டிய இடம். கையால் செய்த தாளில் கோண்டு பழங்குடி ஓவியர்களின் படங்களைக் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் செய்து புத்தகமாக்குகிறவர்கள் அவர்கள், பக்கத்தைத் தொட்டால் மை விரலுக்குத் தட்டுப்படும்.

அம்புலிமாமாவைக் கேட்டீர்களே, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தோளில் வேதாளத்தைச் சுமந்து கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர், முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன், 2020-ல் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோதே செய்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். பழைய இதழ்கள் உங்களிடம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், மேலே தொண்டி ஆசிரியைக்குச் சொன்ன மாதிரி உங்கள் தெருப் பிள்ளைகளுக்கே ஒரு கண்காட்சி போடலாம்.

கண்காட்சியோடு சேர்த்து எங்கள் பிள்ளைகள் வரைந்ததையும் வைக்கலாமா? முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுக்கலாமா?
– நூலக வாசகர் வட்டம், சாயல்குடி

கட்டாயம் வையுங்கள், அச்சுப் படங்களுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில். பரிசு வேண்டாம், பரிசு என்றதும் பெற்றோர் வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். பெயரையும் வயதையும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். பென்சில் கோட்டை அழிக்கச் சொல்லாதீர்கள். முடிந்ததும் ஒரு படம்கூட விடாமல் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நூலகத்து மூலையில் மூட்டையாகக் கிடக்க வேண்டாம்.