27 அவுட்: பேஸ்பால் கணக்கு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு சீசன்களாக அமெரிக்க பேஸ்பால் பார்த்து வருகிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், ஸ்கோர் கார்டு எனக்குப் புதிதல்ல. ஆனாலும் சில விஷயங்கள் பிடிபடவில்லை. 0.299 ஆவரேஜ் உள்ளவரைவிட 0.256 உள்ளவர் நல்ல பேட்டர் என்கிறார்கள், அது எப்படி? 2018-இல் 10 வெற்றி, 9 தோல்வியோடு முடித்த பிட்சருக்கு (பந்து வீசுபவர்) சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கொடுத்திருக்கிறார்கள். 18 வெற்றி பெற்றவருக்கு இரண்டாமிடம்தான். ஏன்? ஒரு அணி இந்த ஆண்டு 93 ஆட்டம் ஜெயித்தால் அடுத்த ஆண்டும் அதை எதிர்பார்க்கலாமா? 'வார்' என்ற ஒரு எண்ணைப் பார்த்தாலே போதும் என்கிறார் நண்பர். நானே கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிரிக்கெட் தெரிந்தவருக்கு பேஸ்பால் கணக்கு சீக்கிரம் பிடிபடும். ஆனால் கிரிக்கெட்டின் ஒரு பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் தட்டுப்பாடு பந்துக்குத்தான். மொத்தம் 120 பந்து, விக்கெட்டோ பல நேரம் மிச்சமாகிவிடும். அதனால் ஸ்ட்ரைக் ரேட்டைப் பார்க்கிறோம். பேஸ்பாலில் பந்துக்கு எல்லை கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக ஆட்டத்துக்கு 27 அவுட். கையிருப்பு அவ்வளவுதான். அவுட் ஆகாமல் ஆடிக்கொண்டே இருந்தால் இன்னிங்ஸ் முடியாது. ஆகவே ஒரு பேட்டரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அணியின் அவுட்டுகளில் எத்தனையை இவர் செலவழித்தார், அதற்கு ஈடாக என்ன கொடுத்தார் என்பதே.

பேட்டிங் ஆவரேஜ் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. பந்தை அடித்துப் பத்திரமாக ஒரு பேஸை (ஓடிச் சேரும் நிலை) அடைந்த 'ஹிட்'டுகளை 'அட் பேட்' எண்ணிக்கையால் (பேட் செய்ய வந்த முறைகளில் சிலவற்றை நீக்கி மிஞ்சுவது) வகுத்தால் வருவது அது. நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போகும் 'வாக்' மேலேயும் சேராது, கீழேயும் சேராது. நடக்காதது போலவே ஆகிவிடும். இந்தப் பார்வைக்கு கிரிக்கெட்டோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. பேஸ்பாலில் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் எண் சுருக்கம்) நிலைநாட்டிய ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தி எழுதிப் பழகியவர். வாக் என்பது பிட்சரின் பிழை, பேட்டருக்கு அதில் பெருமை இல்லை என்பது அவர் எண்ணம். 1887-இல் ஒரே ஒரு சீசன் வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள், ஆவரேஜ்கள் தாறுமாறாக ஏறவே அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். வாக்குக்கு உரிய மதிப்பு வர அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நீங்கள் சொன்ன இரண்டு ஆவரேஜ்களையும் வைத்தே போட்டுப் பார்ப்போம். இருவரும் 600 முறை பிளேட்டுக்கு (பேட் செய்யும் இடம்) வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்கு 25 வாக், 3 முறை உடம்பில் பந்து பட்டது, 4 சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் கேட்ச் ஆனாலும் பேஸில் நின்றவரை ரன் எடுக்க வைக்கும் அடி). மீதி 568 அட் பேட்டில் 170 ஹிட், ஆவரேஜ் 0.299. இரண்டாமவருக்கு 90 வாக், 5 முறை பந்து பட்டது, 5 சாக்ரிஃபைஸ் ஃப்ளை. மீதி 500 அட் பேட்டில் 128 ஹிட், ஆவரேஜ் 0.256.

இப்போது ஹிட், வாக், பந்து பட்டது மூன்றையும் கூட்டி 600-ஆல் வகுங்கள். இதுதான் ஆன்-பேஸ் விகிதம். முதலாமவருக்கு 198-ஐ வகுத்தால் 0.330. இரண்டாமவருக்கு 223-ஐ வகுத்தால் 0.372. அதாவது முதலாமவர் 402 அவுட் செலவழித்தார், இரண்டாமவர் 377. வித்தியாசம் 25 அவுட், ஏறக்குறைய ஒரு முழு ஆட்டத்தின் கையிருப்பு.

அடுத்தது அடியின் கனம். முதலாமவரின் 170 ஹிட்டில் 130 சிங்கிள், 28 டபுள், 2 டிரிபிள், 10 ஹோம் ரன் (முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பேஸ் தரும் அடிகள்). இரண்டாமவரின் 128-இல் 72 சிங்கிள், 27 டபுள், 1 டிரிபிள், 28 ஹோம் ரன். பேஸ்களை எண்ணி அட் பேட்டால் வகுப்பது ஸ்லக்கிங்: 0.408-க்கு எதிராக 0.482. ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் அப்படியே கூட்டினால் ஓ.பி.எஸ். டிவியில் அதைத்தான் அதிகம் காட்டுவார்கள். அவசரத்துக்கு அது போதும், ஆனால் அதில் ஒரு கோணல் இருக்கிறது. ஹோம் ரன் சிங்கிளைப்போல நான்கு மடங்கு என்று ஸ்லக்கிங் சொல்கிறது. உண்மையில் எத்தனை ரன் விளைந்தது என்று பார்த்தால் இரண்டரை மடங்குக்கும் குறைவு. அதனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அது விளைவித்த ரன்னை ஒட்டி எடை போடும் முறை ஒன்று உண்டு. புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டாங்கோ வடிவமைத்த அதற்கு 'வோபா' என்று பெயர். எடைகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். தோராயமாக வாக் 0.69, பந்து பட்டது 0.72, சிங்கிள் 0.89, டபுள் 1.27, டிரிபிள் 1.62, ஹோம் ரன் 2.10. பெருக்கிக் கூட்டி 600-ஆல் வகுத்தால் முதலாமவர் 0.325, இரண்டாமவர் 0.374. வித்தியாசத்தை 1.2-ஆல் (வோபாவை ரன்னாக மாற்றும் அளவு) வகுத்து 600-ஆல் பெருக்கினால் சுமார் 25 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது வழக்கமான மாற்று விகிதம். ஆக, ஆவரேஜில் 43 புள்ளி பின்தங்கியவர் அணிக்கு இரண்டரை வெற்றி கூடுதலாகத் தந்திருக்கிறார்.

அந்த எடைகள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். பேஸ்களில் ஆள் நிற்கும் விதம் எட்டு, அவுட் எண்ணிக்கை மூன்று வகை, ஆக 24 நிலைகள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வந்தது என்று பல்லாயிரம் இன்னிங்ஸ்களை எண்ணி அட்டவணை போடுகிறார்கள். அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஒருவர் நின்றால் சுமார் 0.87 ரன். ஒரு அவுட்டோடு இரண்டாம் பேஸில் நின்றால் சுமார் 0.67. தன்னை அவுட்டாக்கிக்கொண்டு ஆளை நகர்த்தும் 'பண்ட்' பெரும்பாலும் நஷ்ட வியாபாரம் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும். கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் போதும் என்ற நிலையில் மட்டும் கணக்கு வேறு. பேஸ் திருடுவதும் இப்படித்தான். அவுட் இல்லாதபோது இரண்டாம் பேஸைத் திருடினால் லாபம் கால் ரன்னுக்குச் சற்றுக் குறைவு, பிடிபட்டால் நஷ்டம் சுமார் 0.6 ரன். நூற்றுக்கு 72 முறையாவது தப்பாதவர் ஓடாமல் இருப்பதே அணிக்கு நல்லது.

பிட்சருக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிட்டவர் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிக்ராம். 2018-இல் 217 இன்னிங்ஸ் வீசி, ஃபீல்டர் பிழையால் வந்த ரன்களை விட்டுவிட்டால் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.70 ரன் மட்டுமே கொடுத்தார். இரண்டாமிடம் வந்த மேக்ஸ் ஷெர்சரும் அந்த ஆண்டு பிரமாதமாக வீசியவர்தான். 18 வெற்றி, 7 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.53. ஆனால் வெற்றி என்ற கட்டத்தில் பாதி, பிட்சர் கையில் இல்லாத விஷயம். தன் அணி பேட்டர்கள் எத்தனை ரன் எடுத்தார்கள், தனக்குப் பின் வந்த ரிலீவர் முன்னிலையைக் காத்தாரா என்பதெல்லாம் அதில் கலந்துவிடுகிறது. டிக்ராமின் அணி அந்த ஆண்டு 77 ஆட்டம்தான் ஜெயித்தது. 30 வாக்காளர்களில் 29 பேர் அவருக்கே முதலிடம் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் ஒரு முடிவை முன்வைத்தார். பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆவதும் அவுட் ஆவதும் பிட்சர் கையில் மிகக் குறைவாகவே இருக்கிறது என்றார். முதலில் யாரும் நம்பவில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் சில திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். அப்படி விழும் பந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஹிட் ஆகும். ஒரு பிட்சர் இந்த ஆண்டு 25, அடுத்த ஆண்டு 33 என்று ஊசலாடினால், பெரும்பகுதி ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும்தான். எனவே ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்காமலே அவுட் ஆவது), வாக், ஹோம் ரன் என்று ஃபீல்டர் கை படாத மூன்றை வைத்தே பிட்சரை அளக்கும் 'ஃபிப்' வந்தது. ஹோம் ரன்னை 13-ஆல் பெருக்கி, வாக்கும் பந்து பட்டதும் சேர்ந்ததை 3-ஆல் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக் அவுட்டின் இரு மடங்கைக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, அந்த ஆண்டுக்குரிய மாறிலியைச் சேர்க்க வேண்டும். டிக்ராமுக்கு 10 ஹோம் ரன், 46 வாக், 5 முறை பந்து பட்டது, 269 ஸ்ட்ரைக் அவுட். 130-உம் 153-உம் கூட்டி 538-ஐக் கழித்தால் -255. அதை 217-ஆல் வகுத்தால் -1.175. அந்த ஆண்டின் மாறிலி 3.16-ஐச் சேர்த்தால் 1.99. அதிர்ஷ்டத்தைக் கழித்த பிறகும் அவர் எங்கோ உயரத்தில்தான் நிற்கிறார்.

போடும்போது ஒன்று கவனியுங்கள். இன்னிங்ஸ் கட்டத்தில் 220.2 என்று இருந்தால் அது 220-உம் மூன்றில் இரண்டும். தசமமாக அப்படியே விரிதாளில் போட்டால் எல்லா விகிதமும் பிசகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

அணி பற்றிய கேள்விக்குப் பதில் 2012 பால்டிமோர் ஓரியோல்ஸிடம் இருக்கிறது. 93 வெற்றி என்று நீங்கள் எழுதியதும் அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். எடுத்தது 712 ரன், கொடுத்தது 705. புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த சூத்திரப்படி, எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களைக் கூட்டியதால் வகுத்தால் 0.505. 162 ஆட்டத்துக்கு 82 வெற்றி. பிறகு 93 எப்படி வந்தது? ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. அது மறுபடி வரும் திறமை என்று அன்று பலர் வாதிட்டார்கள். மறு ஆண்டு அதே வகை ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி, மொத்த வெற்றி 85. சரிபாதி பலமுள்ள அணிக்கே 162 ஆட்டத்தில் தற்செயலால் மட்டும் ஆறேழு வெற்றி இப்படியும் அப்படியும் போகும். அணியின் அடுத்த ஆண்டை ஊகிக்க ரன் வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெற்றி எண்ணிக்கையை அல்ல.

தனி வீரருக்கு இந்தத் தற்செயல் இன்னும் பெரியது. உண்மைத் திறன் 0.270 உள்ள பேட்டருக்கு 600 அட் பேட்டில் திட்ட விலக்கம் (தற்செயலால் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கம்) 0.018. திறனில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு சீசன் 0.252, மறு சீசன் 0.288 வருவது சாதாரணம். 100 அட் பேட் என்றால் அதே விலக்கம் 0.044. ஏப்ரல் மாத ஆவரேஜை வைத்து யாரையும் கொண்டாடவோ திட்டவோ கூடாது.

அடுத்த ஆண்டை ஊகிக்க எளிய வழி, டாங்கோவின் 'மார்செல்' முறை. கடந்த மூன்று சீசனுக்கும் 5, 4, 3 என்று எடை கொடுங்கள். அதோடு லீக் சராசரியில் ஆடிய 1200 முறையைச் சேருங்கள். நம் இரண்டாம் பேட்டரின் வோபா இந்த ஆண்டு 0.374, அதற்கு முன் 0.340, 0.330, மூன்று ஆண்டும் 600 முறை ஆடினார் என்றால் எடையிட்ட சராசரி 0.352. லீக் சராசரி 0.320 என்று கொண்டால் முடிவு 0.347. 29 வயதுக்குக் கீழே என்றால் சற்று ஏற்றி, மேலே என்றால் சற்று இறக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவு எளிய கணக்கைச் சிக்கலான கணினி மாதிரிகளே பெரிய வித்தியாசத்தில் தாண்ட முடிவதில்லை.

மைதானத்தையும் மறக்காதீர்கள். டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவு, அடித்த பந்து தூரம் போகும், வளைபந்து சரியாக வளையாது. இதையும் லீக் நிலவரத்தையும் சரிசெய்து 100-ஐச் சராசரியாக வைத்துத் தரும் எண் 'டபிள்யூ.ஆர்.சி. பிளஸ்'. வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆண்டு பேட்டர்களை ஒப்பிட அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

கடைசியாக உங்கள் நண்பர் சொன்ன 'வார்'. பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், நிற்கும் இடம் நான்கையும் ரன்னாக்கிக் கூட்டி, எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரைவிட எத்தனை வெற்றி கூடுதல் என்று சொல்வது. முழு நேரம் ஆடும் சராசரி வீரருக்கு 2, எட்டைத் தாண்டினால் அபூர்வம். 2012-இல் மிகேல் கப்ரேரா ஆவரேஜ், ஹோம் ரன், ரன்களை உள்ளே கொண்டுவந்தது மூன்றிலும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்து, மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினார். 1967-க்குப் பிறகு யாரும் செய்யாதது அது. ஆனால் வார் கணக்கில் மைக் டிரவுட் அவரைவிடச் சுமார் மூன்று வெற்றி மேலே இருந்தார், காரணம் ஓட்டமும் சென்டர் ஃபீல்டில் தடுத்ததும். என் ஓட்டு டிரவுட்டுக்குத்தான். ஆனாலும் அந்த ஒரு எண்ணே போதாது. ஃபீல்டிங் பகுதி ஒரே சீசனில் உறுதிப்படாது, இரண்டு மூன்று ஆண்டு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிட்சருக்கோ பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளம் கொடுத்த ரன்னிலிருந்து தொடங்குகிறது, ஃபேன்கிராஃப்ஸ் தளம் ஃபிப்பிலிருந்து. ஒரே ஆளுக்கு இரண்டு விடை வரும். 5.1-க்கும் 4.6-க்கும் சண்டை போடாதீர்கள். 6-க்கும் 3-க்கும் வித்தியாசம் உண்மை.

தொடங்குவதற்கு இது போதும். பேஸ்பால்-ரெஃபரன்ஸில் உங்களுக்குப் பிடித்த அணியின் ஒரு முழு சீசனை எடுங்கள். ஒவ்வொரு பேட்டருக்கும் பிளேட்டுக்கு வந்த எண்ணிக்கை, ஹிட் வகைகள், வாக், பந்து பட்டது, சாக்ரிஃபைஸ் ஃப்ளை என்று கட்டம் போட்டு, ஆன்-பேஸும் வோபாவும் கையால் வகுத்து, தளத்தில் உள்ள விடையோடு ஒத்துப் பாருங்கள். வோபா மூன்றாம் தசமத்தில் மட்டும் பிசகினால் காரணம் பெரும்பாலும் அந்த ஆண்டின் எடையாகவோ, வேண்டுமென்றே கொடுத்த வாக்கைக் கழிக்க மறந்ததாகவோ இருக்கும். பிறகு அணியின் ரன்களை வைத்து ஜேம்ஸ் சூத்திரத்தைப் போட்டு, ஒரு ரன்னில் முடிந்த ஆட்டங்களைத் தனியாக எழுதுங்கள். எந்த அணி, என்ன விடை வந்தது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.