பேய் வீட்டு கேம் இருட்டாகத் தெரிந்தால் கன்சோலைக் கழற்ற விடாதீர்கள்

கேள்வி: "அண்ணே, நாங்கள் டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். என் பத்து வயது மகன் பழைய நின்டெண்டோ வீ (Wii) கேம் கன்சோலில் 'லூயிஜிஸ் மேன்ஷன்' என்ற பேய் பிடிக்கும் ஆட்டம் ஆடுகிறான். பெட்டி டிவியில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குப் புது டிவி வாங்கி, பழையதை டர்பனிலேயே ஃபீனிக்ஸில் உள்ள ஆயா வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அன்றிலிருந்து படம் ஒரே இருட்டு, பட்டனை அழுத்தினால் லூயிஜி தாமதமாகத்தான் அசைகிறான், ஒரு பேயும் பிடிபடுவதில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு லென்ஸ் போய்விட்டது, போர்டும் வீக், 1,200 ராண்ட் ஆகும் என்கிறார். இல்லாவிட்டால் இதைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் புதிய வீ ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம். என்ன செய்யட்டும்?"

தம்பி, அந்த 1,200 ராண்டைப் பையிலேயே வையுங்கள். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கன்சோல் மாறவில்லை, டிஸ்க் மாறவில்லை, டிவிதான் மாறியிருக்கிறது. லென்ஸுக்குத் தெரிந்தது ஒரே வேலை, டிஸ்க்கில் எழுதியிருப்பதைப் படித்துக் கொடுப்பது. அது பழுதானால் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வரும், அல்லது ஆட்டம் பாதியில் அப்படியே உறைந்து நிற்கும். படம் இருளாது, பட்டனுக்குத் தாமதமும் வராது. இது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, தெரியாது என்றால் அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும்.

முதலில் தாமதத்தைப் பார்ப்போம், பையனை அழ வைப்பது அதுதான். 2001இல் கேம்கியூப் என்ற கன்சோலுக்காக வந்த ஆட்டம் இது, அந்தக் காலத்துப் பெட்டி டிவி சிக்னல் வந்த கணமே திரையில் வரைந்துவிடும். இன்றைய தட்டை டிவி அப்படியில்லை, பழைய சின்னப் படத்தை வாங்கி, பெரிதாக்கி, பளபளப்பாக்கி, அசைவை வழுவழுப்பாக்கி, அதற்கப்புறம்தான் காட்டுகிறது. இந்த அலங்காரத்துக்கு ஆகும் நேரம்தான் உங்கள் தாமதம். சினிமா பார்க்கும்போது இது யாருக்கும் தெரியாது. ஆனால் லூயிஜி விஷயமே நேரத்தில்தான் இருக்கிறது. பி பட்டனைப் பிடித்து டார்ச்சை அணைத்து வைத்துக்கொண்டு, பேய் கிட்டே வந்ததும் விட்டால் வெளிச்சம் பட்டு அது திடுக்கிடும், நெஞ்சில் இதயம் தெரியும், அந்த நொடியில் ஆர் பட்டனை அழுத்தி வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். திரையில் இதயம் தெரிவதே பிந்தி என்றால் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பேய் நழுவத்தான் செய்யும்.

இதற்கு மருந்து டிவியின் மெனுவில் இருக்கிறது, பெயர் கேம் மோட். கன்சோல் எந்த இன்புட்டில், அதாவது வயர் செருகும் எந்தத் துளையில், இருக்கிறதோ அந்த இன்புட்டுக்குப் போய்விட்டு அப்புறம் அதை ஆன் செய்யுங்கள், பல டிவிகளில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி செட்டிங். "எங்கள் டிவியில் அது தானாகவே ஆன் ஆகும்" என்று சொல்வார்கள், அது எச்டிஎம்ஐ என்ற ஒற்றை டிஜிட்டல் வயர் வழியாக வரும் புதிய கன்சோல்களுக்கு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று நிற ஏவி வயரில் வரும் பழைய வீயைப் பார்த்து எந்த டிவியும் தானாகப் புரிந்துகொள்ளாது, நீங்கள்தான் கையால் போட வேண்டும். இந்த ஒரு பட்டனைத் தயாரிப்பாளர்கள் எத்தனை மெனுவுக்குள் ஒளித்து வைக்கிறார்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு இடம். கையேடு என்று பெட்டிக்குள் வருவதோ படம் போட்ட ஒரு தாள்.

இருட்டுக்கு வருவோம். அந்த வீடு இருட்டாகத்தான் இருக்க வேண்டும், அறையில் உள்ள பேய்களைப் பிடித்த பிறகே விளக்கு எரியும், அதனால் படத்தைப் பட்டப்பகலாக்கப் பார்க்காதீர்கள். டிவியில் மின்சாரம் மிச்சப்படுத்தும் செட்டிங் இருந்தால் அணையுங்கள், அது திரையை மங்கலாக்கிவிடும். காட்சிக்கு ஏற்ப வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் அணையுங்கள். பிறகு லூயிஜியை ஓர் இருண்ட அறையில் நிற்க வைத்து, டார்ச்சை அணைத்து, மேசை நாற்காலியின் விளிம்பு மங்கலாகவாவது கண்ணுக்குப் படும் வரை பிரைட்னஸை ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். லூயிஜி அகலமாகக் குண்டாகத் தெரிந்தால் திரை அளவை 4:3 ஆக்குங்கள், அவன் அண்ணன் மாரியோ மாதிரி ஆகிவிட்டானே என்று கவலைப்பட வேண்டாம்.

சரி, இப்போது கன்வர்ட்டர் கதை, பழைய வயரின் சிக்னலைப் புது டிவிக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி அது. இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் யாராவது உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். டிவியில் மூன்று நிறத் துளை இருந்தால் எந்தக் கன்வர்ட்டரும் வேண்டாம். மஞ்சள் துளை மட்டும் காணவில்லை, பச்சைதான் இருக்கிறது என்றால், அதன் ஓரத்தில் மஞ்சள் வளையமோ ஏவி, வீடியோ என்ற எழுத்தோ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மஞ்சள் வயரைப் பச்சையிலேயே செருகுங்கள், வேலை செய்யும். பின்பக்கம் சுத்தமாக ஏவியே இல்லாத டிவி என்றால் மட்டும் ஒன்று வாங்கியாக வேண்டும், அதிலும் எது என்று பார்க்க வேண்டும். சிகரெட் பெட்டி அளவில் மூன்று நிறத் துளையோடு ஒரு பெட்டி விற்பார்கள். அதே நிறத்தில், அதே அளவில் இரண்டு வகை உண்டு, ஒன்று ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும், மற்றது எச்டிஎம்ஐயை ஏவி ஆக்கும், மேலே அச்சடித்திருக்கும் எழுத்தைப் படிக்காமல் தலைகீழானதை வாங்கிக்கொண்டு வந்து கன்சோல் செத்துவிட்டது என்று நிற்பவர்கள் நிறைய. சரியானதே கிடைத்தாலும் அதுவும் தன் பங்குக்குப் படத்தைப் பெரிதாக்கும், தாமதத்தின் மேல் தாமதம். வீ கன்சோலுக்கு என்றே தனியாக ஒரு கன்வர்ட்டர் இருக்கிறது, கட்டைவிரல் நீளம், வீயின் பின்பக்கத்தில் ஏவி வயர் போகும் இடத்தில் நேராகச் செருகுவது. அதற்குள் போவது மூன்று நிற வயர் சிக்னலை விடத் தெளிவான சிக்னல், படமும் கொஞ்சம் சுத்தமாக வரும். ஏவி இல்லாத டிவிக்கு அது. ஆனாலும் கேம் மோட் போட்டே ஆக வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது அந்த மாற்றிக்கொள்ளும் யோசனையில்தான். உங்கள் மகன் ஆடுவது கேம்கியூப் டிஸ்க். அது ஓட, நிற்க வைத்தால் மேலே மூடி திறந்து நான்கு கண்ட்ரோலர் துளையும் இரண்டு மெமரி கார்டு இடமும் இருக்கும் பழைய வீ வேண்டும், உங்களிடம் இருப்பது அதுதான். 2011இல் அந்தத் துளைகளை எடுத்துவிட்டு, படுக்க வைக்கும்படி ஒரு வீ வந்தது, அதற்குப் பிறகு சிவப்பும் கறுப்புமாக வீ மினி வந்தது. இரண்டிலும் கேம்கியூப் டிஸ்க் ஓடாது. "கொஞ்சம் புதியது" என்பது அதில் ஒன்றாக இருந்தால் கேம், கண்ட்ரோலர், பையன் சேமித்து வைத்த ஆட்டம் உள்ள மெமரி கார்டு எல்லாம் ஒரே நாளில் வீண். உங்கள் பழையதோ நல்ல விலைக்கு வேறு ஒருவருக்குப் போய்விடும்.

பிற்பாடு உண்மையிலேயே பழுது பார்க்க வேண்டி வந்தால், தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மதிப்பீடு தந்து, நீங்கள் சரி என்ற பிறகுதான் கடைக்காரர் கை வைக்க வேண்டும். பார்ப்பதற்கே காசு என்றால் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் கொடுக்க வேண்டும், போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம். பழைய லென்ஸைக் கொடுங்கள் என்று முன்னாடியே சொல்லிப் பாருங்கள், பாதிப் பேருக்கு லென்ஸ் உடனே குணமாகிவிடும். சட்டம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் 1,200 ராண்டுக்காகப் படிவம் நிரப்பி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி போன் செய்து, அதற்குள் பையன் வளர்ந்து வேறு கன்சோல் கேட்பான். அதனால் காசு கொடுக்கும் முன்னாடி கேட்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீயைத் தூக்கிக்கொண்டு ஃபீனிக்ஸ் போய், ஆயா வீட்டுப் பெட்டி டிவியில் மாட்டிப் பாருங்கள். அங்கே பேய் பிடிபட்டால் கன்சோல் நலமாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து மெனுவை மாற்றினால் போதும். அங்கேயும் அதே தாமதம் இருந்தாலோ, மெனுவை மாற்றியும் சரியாகாவிட்டாலோ மட்டும் மறுபடி எழுதுங்கள், புது டிவியின் மாடல் எண்ணையும் அதன் பின்பக்கத்துப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.