கூட்டத்தில் ஏன் கை தூக்குகிறோம்? கேள்வி பதில்

மற்றவர்கள் நடுவில் மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதைப் பற்றிக் கேளுங்கள். கேட்பவரின் பெயருக்குப் பதிலாக அவரது மலையக ஊரின் பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஹட்டன்: அக்கா, தோட்டக் கூட்டத்தில் பிடிக்காததற்கும் கை தூக்கிவிடுகிறேன். நான் கோழையா?

இல்லை தங்கச்சி. 1951இல் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் வெளியிட்ட சோதனையில் கேள்வி இதுதான்: இந்தக் கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது? சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும், ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் பேசிவைத்தபடி பிழையான கோட்டைக் காட்டுவார்கள். அந்த ஒருவராக இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போனார்கள். இதோடு நிறுத்திவிட்டு 'மனிதர் எல்லாம் ஆட்டுமந்தை' என்பவர்களை நம்பாதீர்கள், பதில்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட சரியாகத்தான் இருந்தன. வேறு ஒரேயொருவர் சரியானதைச் சொன்னாலே பிழை வெகுவாகக் குறைந்தது. தாளில் எழுதச் சொன்னபோதும் குறைந்தது. அடுத்த கூட்டத்துக்கு முன் உங்களைப் போல நினைக்கிற ஒருவரிடமாவது பேசிவையுங்கள், முடிந்தால் துண்டு எழுதிப் போடலாமா என்று கேளுங்கள்.

தலவாக்கலை: கொழும்பு வேலைக்குப் போகிற மகனின் மனசை மாற்ற என்ன வழி?

என்னிடம் இல்லை ஐயா. அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பண்டாரவளை: திருவிழாவுக்குக் காசு தராதவர்கள் பெயரை ஸ்பீக்கரில் வாசிக்கலாமா?

முதலில் ஒரு சோதனை விளையாட்டைச் சொல்கிறேன். நாலு பேர் பொதுவில் காசு போடுவார்கள், அது பெருகி எல்லோருக்கும் சமமாகப் பிரியும், போடாதவருக்கும் பங்கு உண்டு. இப்படி விளையாடவிட்டால் சுற்றுப் போகப் போகப் போடுவது குறையும். போடாதவருக்குத் தண்டம் விதிக்கலாம் என்றால் ஏறும். 2000இல் ஃபேர், கெஹ்டர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் காட்டியது இது.

இராகலை: அப்போ வாசிக்கத்தான் வேணும்! நாங்க வாசிச்சோம், அடுத்த வருஷம் எல்லாரும் கொடுத்தாங்க.

பதுளை: கடன் வாங்கிக் கொடுத்தாங்கன்னு சொல்லுங்க. அரைப்பேர், அதான் அரைநாள் சம்பளம், விழுற மாசத்துல எங்க போறது?

பதுளை கேட்பது நியாயம். இராகலை அண்ணா, அந்த விளையாட்டில் எல்லோர் கையிலும் ஒரே அளவு காசு, தோட்டத்து லயன் வீடுகளில் அப்படியா? 2008இல் 16 நகரங்களில் இதையே செய்துபார்த்தபோது ஏதென்ஸ், மஸ்கட் போன்ற இடங்களில் நிறையப் போட்டவர்களையே சிலர் தண்டித்தார்கள், தண்டத்தால் வரவேண்டிய பலன் அங்கே கிடைக்கவில்லை. ஒரு சோதனையை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர்ச்சட்டம் போடாதீர்கள்.

மஸ்கெலியா: கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினா நானும் தூக்குறேன், ஏன்?

ஹட்டன் தங்கச்சிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

இராகலை: சும்மா விட்டா ஒருத்தரும் தர மாட்டாங்க அக்கா.

சும்மா விடச் சொல்லவில்லை. கொடுத்தவர்கள் பெயரை, நூறு ரூபாயானாலும், தொகை சொல்லாமல் வாசியுங்கள். கொடுக்காத வீட்டுக்கு ஒருவர் நேரில் போய் என்ன கஷ்டம் என்று கேட்கட்டும்.