வேகம் கூடவில்லை – கடிதம்

அன்புள்ள சார்,

நான்கு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். ராக்கில் ஆரம்பித்து இப்போது ஜாஸ். தினம் இரண்டு மணி நேரம் சாதகம் செய்தும் நடையைத் தொடர்ந்து வாசிக்கும் ரைடு சிம்பலில் வேகம் நிமிடத்துக்கு 240 அடியைத் தாண்டினால் கை இறுகிவிடுகிறது. பிரேசிலின் சம்பா, ஜதிகளை வாயால் சொல்லும் கொன்னக்கோல் என்று வேறு பாணிகளையும் கற்றால் ஜாஸ் மேம்படுமா, குழம்பிவிடுமா? எந்தக் குச்சி நல்லது?

கே.

அன்புள்ள கே.,

குச்சி எதுவாக இருந்தால் என்ன, கைக்குப் பொருந்துவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

240 என்று படித்ததும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும். 60-இல் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே! ஒரு வாரமாக எனக்கும் இதே நினைப்புதான். இருபத்து மூன்று வயதில் நான் வாசித்த ஒரு பதிவு கையில் கிடைத்தது. மெதுவான பாட்டு, குச்சிக்குப் பதில் கம்பித் தூரிகை மாதிரியான பிரஷ்ஷில் வாசித்திருக்கிறேன். வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துப் பார்த்தால் 60-இல் தொடங்கி 74-இல் முடித்திருக்கிறேன். பாஸ் என்ற கனத்த குரல் தந்தி வாத்தியம் வாசித்தவர் நடுவில் என்னைப் பிடித்து நிறுத்தப் படாத பாடு படுவது இப்போது தெளிவாகக் கேட்கிறது, அன்றைக்கு எனக்குக் கேட்கவே இல்லை. முடிந்ததும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு போனார். என் தனி வாசிப்பைக் கேட்டுப் பொறாமைப்படுகிறார் என்று நினைத்தேன் நான், மடையன்.

அதனால் சொல்கிறேன், மெட்ரோனோமை 30-இல் வையுங்கள். அந்தத் தட்டை நான்கடிச் சுற்றின் இரண்டாவது, நான்காவது அடியாக எடுத்துக்கொண்டு, ரைடும், காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலான ஹைஹாட்டும் மட்டும் வாசியுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இரண்டு வினாடி. பாழும் கிணறு மாதிரி இருக்கும், எதையாவது போட்டு நிரப்பக் கை துடிக்கும். போடாதீர்கள். ரைடில் வரும் டிங், டிங்-க-டிங் என்பதில் அந்தச் சின்ன 'க' எங்கே விழுகிறது என்று கேளுங்கள். மெதுவான நடையில் அது, ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரத்தின் மூன்றாவது எழுத்தில் உட்காரும், சில சமயம் இன்னும் பிந்தும். வேகம் கூடக் கூட அது முன்னால் நகர்ந்து கிட்டத்தட்டச் சம இடைவெளிக்கு வந்துவிடும். நீங்கள் 240-இலும் திஸ்ரத்தையே பிடித்துத் தொங்குகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியென்றால் கை இறுகாமல் என்ன செய்யும்? குச்சி சிம்பலில் பட்டதும் தானே எழும்பும், விரல்களைத் தளர்த்தி அதை எழும்ப விடுங்கள்.

அப்புறம் காலால் மிதித்து வாசிக்கும் பேஸ் டிரம். நான்கு அடியும் மிதிக்க வேண்டும், ஆனால் எதிரே இருப்பவருக்குத் தனியாகக் கேட்கக் கூடாது, பக்கத்தில் நிற்கும் பாஸ்காரருக்கு உடம்பில் தெரிந்தால் போதும். ராக்கிலிருந்து வந்த காலுக்கு இது பெரிய தண்டனை.

வேறு பாணிகளா, சரி, தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அடிகளைப் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். சம்பாவில் சுர்தோ என்ற முரசுகளில் பெரியதன் கனம் இரண்டாவது அடியில் இறங்கும். உங்கள் ராக் கால் முதல் அடியில்தான் கனத்தை இறக்கும். அந்த வித்தியாசம் உடம்புக்குள் போக வேண்டும். டிரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெல் நியூ ஆர்லியன்ஸ் தெரு ஊர்வலத்தின் நடையை சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் குழுவுக்குள் கொண்டுவந்தார், கேட்டால் ஒட்டுப்போட்டது மாதிரியே இருக்காது. கொன்னக்கோல் நல்லதுதான், ஆனால் ததிங்கிணதொம்மை அப்படியே ரைடில் அடிப்பதற்கு இல்லை. பாஸ்டனில் டிரம்ஸ் ஆசிரியராக இருந்த ஆலன் டாசன், பயிற்சிப் பாடம் வாசிக்கும்போதே பாட்டின் மெட்டையும் வாய்விட்டுப் பாடச் சொல்வார். 1963-இல் பதினேழு வயதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குப் போன டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ் டாசனிடம் படித்தவர்தான். கொன்னக்கோலில் உங்களுக்கு வாய் பழகியிருந்தால் பாதி வேலை மிச்சம், மெட்டைப் பாடிக்கொண்டே வாசியுங்கள்.

ஒரு மாதம் கழித்து, 60-இல் ஐந்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். தனி வாசிப்பு வேண்டாம். என்னுடைய பழைய பதிவைக் கேட்காதீர்கள், அதை அனுப்ப மாட்டேன்.